காரணம் சொல்லாத ஒன்பது பள்ளிக்கூடங்கள்

என் மகளின் வேலையைக் கெடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான் சார். பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் இருக்கிறான். ஒன்பது பள்ளிக்கூடம். ஒன்பதிலும் ஒரே மாதிரி “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். ஒன்பதிலும் ஒரே மாதிரி சொல்லி அனுப்பவில்லை. எவனோ ஒரு பாவி எங்களுக்கு முன்னால் போய் வாயைத் திறக்காமல் இப்படி நடக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

பையை இப்படிக் கொடுங்கள், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எங்கே, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டா? நான் அதற்கு முந்தின நிறுத்தம். பாலவநத்தம் தாண்டியதும் எனக்கு ஒரு குரல் கொடுங்கள், பேச்சில் விட்டுவிடுவேன். பதினொரு மணிக்கு அங்கே இருந்தாகவேண்டும். இந்த டிரைவர் ஓட்டுகிற லட்சணத்தில் பன்னிரண்டு ஆகும் போலிருக்கிறது.

என் பெயர் தங்கப்பாண்டி. விருதுநகரில் டின் தங்கப்பாண்டி என்று கேட்டால் சொல்வார்கள். பழைய எண்ணெய் டின் வியாபாரம். ஓட்டலிலும் மில்லிலும் காலி டின்னை வாங்கி, கழுவி, ஒடுக்கு எடுத்து, ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, மிக்சர் போடுகிறவனுக்கும் புளி மண்டிக்காரனுக்கும் விற்பேன். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. அதற்கப்புறம் என்னைப் படிக்கவைத்தது எல்லாம் அடிதான். ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டது. இன்றைக்கு எவனும் என்னை ஒரு டின்னில்கூட ஏமாற்ற முடியாது.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது சார். டின்னை வெயிலுக்கு நேராகத் தூக்கி, வாய் வழியாக உள்ளே பார்க்கவேண்டும். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். வேண்டாம் என்று தள்ளுகிறவன் அந்தப் புள்ளியில் விரலை வைத்துக் காட்டித்தான் தள்ளவேண்டும். “இந்தா பாரு, இங்க ஒழுகுது.” அப்படிக் காட்டாமல் ஒருத்தன் தள்ளினால் சட்டையைப் பிடித்துவிடுவோம். அஞ்சு ரூபாய் பெறாத துருப்பிடித்த தகரத்துக்கே அந்த மரியாதை உண்டு. என் மகள் எம்.எஸ்ஸி கணக்கு, பி.எட். அவளைத் தள்ளினவன் ஒருத்தன்கூட விரலை வைத்துக் காட்டவில்லை.

காளீஸ்வரி. ஒரே பிள்ளை. அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்து நீங்கள் கேட்கவேண்டும். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்த ஒரு பயல், இன்றைக்கு பாலிடெக்னிக் படிக்கிறான். இவள் சத்தம்கூடப் போடமாட்டாள். அந்தக் குணம் அவள் அம்மாவுடையது.

முதல் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். பேப்பரில் விளம்பரம் பார்த்து இவளே எழுதிப் போட்டாள். விண்ணப்பத்தில் என் போன் நம்பரைத்தான் போடச் சொன்னேன். வயசுப்பெண் நம்பரை ஊர் பூராவும் கொடுத்துவைக்க முடியுமா? கூப்பிட்டார்கள், போனோம். எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தச் சொன்னார்கள். டெமோ என்று அதற்குப் பெயர். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். காகிதத்தை மடிக்கச் சொல்லி என்னமோ பின்னம் சொல்லிக்கொடுத்தாள். எனக்கே புரிந்தது சார், ஐந்தாம் வகுப்பில் புரியாதது. முடிந்து வெளியே வரும்போது ஒரு குட்டிப் பெண் ஓடிவந்து, “மிஸ், நாளைக்கும் வருவீங்களா?” என்று கேட்டது. காளீசு முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அப்புறம் கரஸ்பாண்டன்ட் அறைக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். அவள் வாய் இல்லாத பிள்ளை, யாராவது பேசவேண்டுமே. அவர் ஒரு சம்பளம் சொன்னார். முதலில் சொல்கிற விலைக்குச் சிரிக்கவேண்டும், அது பாலபாடம். சிரித்தேன். “எங்க கடையில டின் கழுவுற ஆளு இதவிட வாங்குறான்” என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. சுருங்கினால் நல்லது, இறங்கி வரப்போகிறான் என்று அர்த்தம். உடனே எழுந்தேன். “எந்திரி தாயி, போவோம்.” அவள் எழவில்லை. கையைப் பிடித்து எழுப்பினேன்.

இதுதான் சார் வியாபாரத்தின் உயிர்நாடி. எழுந்து நடந்துவிடவேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. பத்து அடிக்குள் கூப்பிடுவான், அசந்தால் தெருமுனைக்குள் கூப்பிடுவான். முப்பது வருஷத்தில் என்னைக் கூப்பிடாதவன் கிடையாது. இவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “பாக்காத, பாத்தா விலை எறங்கிரும்” என்று காதோடு சொன்னேன். கேட் வந்துவிட்டது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தோம். இன்னொரு டீ குடித்தோம். பள்ளிக்கூடம் விட்டு, அந்தக் குட்டிப் பெண்கூட வேனில் ஏறிப் போய்விட்டது. இவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கூப்பிடுவான் என்று சொன்னேன். கூப்பிடவில்லை.

ஏன் கூப்பிடவில்லை? எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான். அப்போதே எனக்குச் சந்தேகம்.

இரண்டாவதில் சம்பளம் சரி சொன்னார்கள். ஆனால் அசல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைக்கவேண்டுமாம், வருஷம் முடிந்தால்தான் தருவார்களாம். நடுவில் ஓடிவிடக்கூடாதாம். நிறைய இடத்தில் இதுதான் வழக்கம் என்றார்கள். இந்த வழக்கத்துக்கு நான் ஒத்துக்கொள்வேனா? பிள்ளை பத்தொன்பது வருஷம் படித்த காகிதம். நான் நியாயமாகத்தான் கேட்டேன்: “நீங்க பள்ளிக்கூடத்துப் பத்திரத்த எங்கிட்டக் குடுங்க. நான் சர்டிபிகேட்டக் குடுக்குறேன். மே மாசம் மாத்திக்கிருவோம்.” இதில் என்ன தப்பு? அவர் மணியை அடித்து பியூனைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் காளீசு, “நான் குடுத்துருப்பேன்ப்பா” என்றாள். அழவில்லை. அப்படிச் சொன்னாள், அவ்வளவுதான்.

மூன்றாவதில் சத்தியமாக நான் சம்பளத்தைப் பற்றியும் பேசவில்லை, சர்டிபிகேட் பற்றியும் பேசவில்லை. சுற்றிப் பார்த்தேன். பொருள் வாங்குகிற இடத்தைச் சுற்றிப் பார்க்கக்கூடாதா? டீச்சர்மார் கக்கூசு எங்கே என்று கேட்டேன். போன வருஷம் எத்தனை டீச்சர் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று ஆபீஸில் கேட்டேன். பெஞ்சைத் தட்டிப் பார்த்தேன். அங்கேயிருந்தும் கூப்பிடவில்லை. நான்காவதுக்குப் போன் செய்தேன். காரணத்தைச் சொல்லுங்கள், வேலை வேண்டாம், காரணம் போதும் என்றேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தேன், பதினோரு தடவை. கடைசியில் ஆபீஸில் இருந்த பெண், “மேனேஜ்மென்ட் முடிவு சார்” என்றது. அந்த மேனேஜ்மென்ட் யார், அவர் வீடு எங்கே என்றேன். வைத்துவிட்டது. அதற்கப்புறம் என் நம்பருக்கு அங்கே மணியே அடிக்கவில்லை.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? டிக்கெட்டா? நான் எடுத்தாயிற்று. நீங்கள் எடுங்கள்.

ஐந்தாவதா ஆறாவதா, மறந்துவிட்டது. ஒரு பெண் பிள்ளை போன் செய்தது. நான் மில்லில் லோடு பேசிக்கொண்டிருந்தேன். “காளீஸ்வரி மேடம் பேசுறாங்களா?” என்றது. “நான் அவ அப்பா, எங்கிட்டப் பேசு. எந்த ஸ்கூலு, என்ன தருவீக, சர்டிபிகேட்டுக் கேப்பீகளா?” என்றேன். “அப்பறம் கூப்பிடுறேன் சார்” என்றது. அப்புறம் வரவில்லை. அதற்குள் அந்தப் பாவி அங்கேயும் பேசிவிட்டான் பாருங்கள். என்ன வேகம்.

யாரென்று தேடாத இடம் இல்லை சார். முதலில் என் மச்சான் வேல்ச்சாமி மேல் சந்தேகப்பட்டேன். அவன் மகளும் பி.எட். கல்யாண வீட்டில் பந்தியிலேயே கேட்டுவிட்டேன். இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அந்தக் குடும்பத்தோடு இப்போது பேச்சு வார்த்தை இல்லை. அப்புறம் எனக்குப் போட்டியாக டின் கடை போட்டவன். அவன் கடை முன்னால் போய் நின்று ஒரு மணி நேரம் கத்தினேன். அவன் பாட்டுக்கு டின்னை அடுக்கிக்கொண்டிருந்தான். செய்வினையாக இருக்குமோ என்று எலுமிச்சம்பழமும் கட்டிப் பார்த்தாயிற்று. விண்ணப்பத்தில் இன்ஷியலைப் பின்னால் போட்டுப் பார்த்தாயிற்று.

இதிலே ஒரு வேடிக்கை. எட்டாவது பள்ளிக்கூடம், சாத்தூர்ப் பக்கம். அந்த ஊரில் நான் ஒரு டின் விற்றது கிடையாது. கேட்டில் வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்கதான் அந்த டின் அப்பாவா?” என்று கேட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். “பேரு அங்கேருந்து இங்க வரைக்கும் வந்திருக்கு பாத்தியா” என்று காளீசிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போகமாட்டேன் என்கிறாள். வயிற்று வலி என்றாள். நான்தான் இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன்.

அங்கே ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும். டெமோ எல்லாம் முடிந்து, எங்களை அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க பொண்ணு நல்ல டீச்சருங்க. அடுத்த எடத்துக்கு அவளத் தனியா அனுப்புங்க” என்றார். பார்த்தீர்களா? தனியாக அனுப்பச் சொல்கிறார். எதற்கு? கூட ஒரு ஆம்பிளை இல்லையென்றால் என்ன சம்பளம் சொன்னாலும் பிள்ளை தலையை ஆட்டும், சர்டிபிகேட்டையும் கொடுத்துவிடும், அதற்குத்தான். பார்க்க நல்ல அம்மாவாக இருந்தார்கள். இவர்களும் இப்படியா என்று நினைத்துக்கொண்டேன். நல்ல டீச்சர் என்றால் எடுத்துக்கொள்ளவேண்டியதுதானே? ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லவில்லை.

ஒன்பதாவதுக்கு நான் வரவேண்டாம் என்றாள். என் முழங்கால் வலி அவளுக்குத் தெரியும், அதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை, அடுத்த பஸ்ஸில் போய்விட்டேன். உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது. நல்ல நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அப்படியும் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் சார் அவள் உடைந்துபோனாள்.

சாப்பாடு குறைந்தது. தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், அதை நிறுத்திவிட்டாள். “எனக்குச் சொல்லிக்குடுக்க வரல, அவங்களக் கெடுக்கக் கூடாது” என்கிறாள். போனில் தன் குரலையே பதிவு செய்து கேட்கிறாள், அழிக்கிறாள், மறுபடி பதிவு செய்கிறாள். ஒரு நாள் குரல் கீச்சென்று இருக்கிறது என்கிறாள். ஒரு நாள் கறுப்பாக இருப்பதால்தான் என்கிறாள். ஒரு நாள் இங்கிலீஷ் என்கிறாள். யாரும் காரணம் சொல்லாவிட்டால் மனுஷி தன் உடம்பிலேயே ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்துவிடுகிறாள். போன மாதம் அவள் அம்மா துவைக்கப்போகும்போது தலையணை உறையில் முடி முடியாக இருந்திருக்கிறது. பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை. நான் கொல்லையில் டின் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் நல்ல வெயில். இவள் வந்து பக்கத்தில் நின்றாள். அப்புறம் சொன்னாள்: “அப்பா, அந்த டின்னப் பாக்குற மாதிரி என்னையப் பாத்துச் சொல்லுங்கப்பா. எங்க ஓட்டைன்னு சொல்லுங்க. நான் அடச்சுக்கிறேன்.”

முப்பது வருஷம் பேசியே பிழைத்தவன் சார் நான். உனக்கு ஒரு குறையும் இல்லை தாயி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அவன் யாருன்னு கண்டுபிடிச்சு, அவன் குடலை உருவுறேன்” என்று கத்தினேன். கையிலிருந்த டின்னைச் சுவரில் எறிந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

இன்றைக்குக் காலையில் பார்த்தால் ஆள் இல்லை. பேச்சியம்மாளிடம், அதுதான் வீட்டுக்காரி, கேட்டால் கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, பொய் சொன்னால் அடுப்பைப் பார்த்துப் பேசுவாள். பீரோவைத் திறந்தேன். சர்டிபிகேட் பையைக் காணோம். அசல் சார், அத்தனையும் அசல். முக்குக்கடையில் ஜெராக்ஸ் எடுக்கிற பையனைப் பிடித்து உலுக்கினேன். அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடம், பதினொரு மணி என்று சொன்னான். விண்ணப்பத்தில் மிச்சம் விழுந்த ஒரு பிரதியும் கொடுத்தான். இதோ, பாருங்கள். கண்ணாடி இருந்தால் போட்டுப் பாருங்கள். நம்பர் இருக்கிற இடத்தில் அவள் அம்மா நம்பரைப் போட்டிருக்கிறாள். பதற்றத்தில் மாற்றி எழுதிவிட்டாள் பாவம். அவள் அம்மாவுக்குப் பேசத் தெரியுமா? யாராவது கூப்பிட்டால், “சரிங்க சரிங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

கிளம்பும்போது பேச்சியம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என்னை எதிர்த்து நின்றது கிடையாது. “இன்னைக்கு ஒரு நாளு கடையில இருங்க. ஒங்க கால்ல வேணா விழுறேன்” என்றாள். விழுந்தும்விட்டாள் சார். என்ன ஆயிற்று இவளுக்கு? மில்லில் லோடு வருகிறது, நான் இல்லாவிட்டால் கெட்டுப்போகும் என்று பயம் போல. லோடு கிடக்கட்டும் என்று தாண்டிக்கொண்டு வந்துவிட்டேன். தாண்டும்போது செருப்பு அவள் கையில் பட்டுவிட்டது. அது ஒரு மாதிரியாக இருக்கிறது. போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

என்ன கேட்டீர்கள்?

இந்த பஸ்ஸில் ஜன்னல் ஆடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

இல்லை, மறுபடி கேட்கவேண்டாம். கேட்டது. நான் போகாமல் இருந்தால் என்ன என்று கேட்கிறீர்கள். வீட்டில் பேச்சியம்மா கேட்டாள், அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கேட்டார்கள், இப்போது நீங்கள். நான் போகாமல் இருந்தால் அவளுக்காக யார் பேசுவார்கள்? எனக்காக யார் பேசினார்கள்? பத்து வயதில் ஒரு ஓட்டலில் டின் கழுவவிட்டுப் போனார் என் அப்பா. போனவர்தான். முதலாளி என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு நின்றேன். எனக்கென்று ஒருத்தர் அந்த வாசலில் வந்து நின்று, “என் பிள்ளைக்கு என்னடா குடுக்குற?” என்று கேட்டிருந்தால். ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால். சொல்லுங்கள் சார், வந்து நிற்பது தப்பா?

ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? ஆமாம் என்றாவது சொல்லுங்கள், இல்லை என்றாவது சொல்லுங்கள். நீங்களும் பள்ளிக்கூடத்துக்காரர் மாதிரி தலையைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி. மணி என்ன? பத்து ஐம்பதா? பாலவநத்தம் எப்போதோ தாண்டிவிட்டதே. நீங்கள் எனக்குக் குரல் கொடுக்கவே இல்லையே. அதோ மஞ்சள் கட்டடம், கொடி தெரிகிறதே, அதுதான். வேப்ப மரத்தடியில் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறதே, நீலச் சேலை. பார்த்தீர்களா? காளீசு. அவளேதான். பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் கையைக் காட்டுகிறார்கள், சிரிக்கிறாள் பாருங்கள். எத்தனை மாதம் ஆயிற்று சார் அந்தச் சிரிப்பைப் பார்த்து.

கண்டக்டர், இறங்கவேண்டும். பெல் அடிங்கள்.

காலைக் கொஞ்சம் மடக்குங்கள் சார். கையை விடுங்கள். ஏன் பிடிக்கிறீர்கள்? விடுங்கள். எனக்குப் பழிவாங்க வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவன் குடலும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இத்தனையும் செய்தவன் எவனோ, அவன் இன்றைக்கு ஒரு நாள் அந்த வாசலை விட்டு விலகிப் போகட்டும். அவள் வெளியே வந்ததும் அவள் முன்னால் நின்று, “ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல தாயி, எல்லாம் நான் செஞ்சதுதான்” என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். கெடுத்தவன்தான் சரிசெய்யவேண்டும், வேறு யாரால் முடியும்? இன்றைக்கே சரிசெய்யட்டும். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போதே சரிசெய்யட்டும்.